மைனாக்கள் மறக்காத முகம்

மார்ச் 3
அவர் போய் நாலு மாதம். மிருகக்காட்சி சாலையில் அவர் பார்த்துவந்த கரடிக் கூண்டுக்கு இன்றும் நான்தான் பழத்தட்டு கொண்டுபோனேன். தீனி திருட வெளியிலிருந்து வரும் மைனாக்கள் அவர் கையில் ஏறியதுபோலவே என் கையிலும் ஏறுகின்றன. சட்டையில்கூட அவர் வாசம் போய்விட்டது. இவைதான் மிச்சம்.

மார்ச் 9
ஆராய்ச்சிக்கு வந்திருக்கும் பெண் கேட்டாள். "மைனாங்க எங்ககிட்ட வரமாட்டேங்குதுக்கா. நீங்க பிடிச்சுக் குடுங்க. ஊருக்குள்ள எப்படிப் பிழைக்குதுன்னு பார்க்க, கால்ல வளையம் மாட்டி விட்டுடுவோம்."
"பயந்துக்காதா?"
"ரெண்டு நாள்ல மறந்துடும்."
அக்கா என்கிறாளே என்று தலையாட்டினேன்.

மார்ச் 12
பதினொன்று பிடித்தேன். கையில் உட்கார்ந்ததும் வலை. கத்தல் இன்னும் காதை விட்டுப் போகவில்லை. அவளும் கூட வந்தவர்களும் முகமூடி போட்டிருந்தார்கள். எனக்கு இல்லையா என்றேன். "தூசி எங்களுக்குத்தான் ஒத்துக்காது. உங்களுக்குப் பழகினதுதானே!" சிரித்தாள். நானும் சிரித்தேன்.

மார்ச் 13
ஒன்றுகூட வரவில்லை.

மார்ச் 20
கூண்டருகே மட்டுமில்லை, பேருந்து நிறுத்தத்திலும் என்னைக் கண்டால் கூட்டம் கூட்டிக் கத்துகின்றன. தலையில் பாய்கின்றன. தீனி வண்டிக்காரர் கேட்கிறார்: "என்னம்மா, மைனா வீட்டுல சம்பந்தம் பண்ணித் தகராறா?"

ஏப்ரல் 6
மிருக டாக்டர் சொல்லித்தான் தெரிந்தது. "உங்ககிட்ட சொல்லலையா? பிடிச்சவங்க மூஞ்சிய எத்தனை நாள் ஞாபகம் வெச்சுக்குதுன்னுதான் ஆராய்ச்சியே."
அடிப்பாவி. என் மூஞ்சிதானா கெடச்சுது உனக்கு? அக்கா, அக்கான்னு கூப்பிட்டு —
அவர் வருஷக்கணக்காகக் கையை நீட்டி நின்று சேர்த்தது. ஒரே காலையில் போயிற்று. வலை போட்டது யார்? நான்தானே. அதுங்களுக்கு அவ யாரு? நான்தான் துரோகி.

ஏப்ரல் 7
நேரே போய்க் கேட்டேன். "முன்னாடியே சொன்னா முடிவு தப்பாயிடும்க்கா."
"அவர் செத்தது உனக்குத் தெரியும்தானே?" என்றேன்.
"தெரியும். அவர் பழக்கினதாலதானே உங்ககிட்ட..." பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

ஜூலை 2
இந்தக் கோடையில் பொரித்த குஞ்சு ஒன்று. காலில் வளையம் இல்லை. நான் தொட்டதே இல்லை. தாயோடு சேர்ந்து என்னைப் பார்த்துக் கத்தியது. ஆராய்ச்சிக்காரப் பெண்ணுக்கு முகமெல்லாம் பூரிப்பு, எழுதிக்கொண்டாள். "அக்கா, தினம் பழம் வெச்சுப் பார்க்கலாமா? மறுபடி உங்க கைக்கு வருதான்னு?"
வரும். எனக்குத் தெரியும். 'சரி' என்ற சொல் வாய்வரை வந்துவிட்டது.
"வேணாம்மா. வந்தா மறுபடி பிடிப்பீங்க. அது கத்தட்டும்."

ஜூலை 9
மேலாளரிடம் கேட்டு முதலைக் குளத்துக்கு மாறிக்கொண்டேன். மீனை எட்ட நின்று எறிய வேண்டும். கையை நீட்டவே கூடாதாம்.