செல்லப்பன் முகம் தெரிகிற படம்

புதன்கிழமை, ராத்திரி.

செல்லப்பன் நேற்று சாயந்தரம் போய்விட்டான். சாலைக் கடைத்தெருவில் என்னோடு மூட்டை தூக்கினவன். இந்த மலையாள ஊரில் யார் செத்தாலும் லைட் கம்பத்தில் படத்தோடு போஸ்டர் ஒட்ட வேண்டும்.

"கம்பம், காக்கா, சாயாக்கடைன்னு எல்லாத்தையும் போட்டோ பிடிப்பீங்களே அண்ணாச்சி, அவர் படம் ஒண்ணு பாருங்க" என்று அவன் பெண்டாட்டி சரசு காலையில் கேட்டாள்.

போனில் தேடினேன். நான் எடுத்த தெருப் படங்களில் பாதியில் அவன் இருக்கிறான். ஆனால் தலையில் அரிசி மூட்டை. முகம் சாக்குக்கு அடியில் இருட்டாகக் கிடக்கிறது. ஒன்றில் மட்டும் மூட்டையை இறக்கிவிட்டு, கம்பத்தில் சாய்ந்து, பல்லெல்லாம் தெரியச் சிரிக்கிறான்.

"மரணப் போஸ்டருக்கு இத்தனை சிரிப்பு வேண்டாம், கேட்டோ" என்றான் படத்தை வாங்க வீட்டுக்கு வந்த அச்சுக்கடைக்காரன்.

"இதுதான் வேணும்" என்றாள் சரசு. "வீட்டுல இப்படிச் சிரிச்சு நான் பார்த்ததில்ல. அப்படி என்னத்தச் சொன்னீங்க அண்ணாச்சி?"

நாள் முழுக்க அவனைக் கிண்டல் பண்ணுகிறவன் நான். வழுக்கையைச் சொன்னேனா, தொப்பையைச் சொன்னேனா, ஞாபகமில்லை. எதையாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். அவள் முகத்தைப் பார்த்துப் பொய் வரவில்லை. "யோசிச்சுச் சொல்றேன் தங்கச்சி" என்றேன்.

இப்போது அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்க்கிறேன். பின்னால் ஒரு ஆட்டோ நிற்கிறது. நல்ல வெயில். வேறொன்றும் தெரியவில்லை.

காலையில் அஸ்தி எடுக்கப் போக வேண்டும். சரசு வாசலில் நிற்பாள்.