என் சொல் இன்னொரு வாயில்

பாதுஷாவின் அம்மாவுக்கு ஸலாம்.

நம்பு, இது என் கையெழுத்துதான். நாலு மாதமாக விளாங்குடியில் முதியோர் கல்வி வகுப்புக்குப் போகிறேன். இந்த நாலு வரிக்கே அஸர் தொழுகையிலிருந்து மஃரிப் தொழுகை வரை ஆகிவிட்டது. அம்புட்டு சந்தோஷம்.

நீ கோபித்துக்கொண்டு பரவைக்கு, மகள் வீட்டுக்குப் போனபின் நான் முதலில் எழுதியது, "உடனே கிளம்பி வா" என்றுதான். பிழை பார்க்க வாங்கிய டீச்சர் இந்துப்ரியா சத்தமாக வாசித்துவிட்டு, "என்ன பாய், இது லெட்டரா, கோர்ட்டு சம்மனா?" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆசையாகத்தான் எழுதினேன். அவர் வாயில் அதட்டலாகக் கேட்டது.

நான் சொன்னால், என் மனசில் இருப்பது அப்படியே உனக்கு வந்து சேரும் என்று நாற்பது வருஷமாக நினைத்திருந்தேன். சொல் மட்டும்தான் வந்திருக்கிறது. எம்புட்டு அதட்டலைக் கேட்டிருப்பாய் நீ!

நேரில் என்றால் உன் பேச்சில் குறுக்கே விழுவேன். அதனால் நீயும் எழுது. வரமாட்டேன் என்றாலும் எழுது. யாரையும் வாசிக்கச் சொல்லமாட்டேன். எழுத்துக்கூட்டி நானே கடைசி வரி வரைக்கும் படிப்பேன். அதற்குப் பிறகுதான் பதில் யோசிப்பேன்.

உன் வீட்டுக்காரன்