முந்தியிலிருந்து வாசித்த உலக சரித்திரம்

என் பிரியமான அண்ணிக்கு, அண்ணியாவதற்கு முன்பு வெறும் கமலாவாகப் பள்ளியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளுக்கு,

நூலக வாசகர் வட்டத்தின் கையெழுத்துப் பத்திரிகைக்கு ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். உலக சரித்திரத்தில் நம்மைப் போன்றவர்கள் எந்தப் புத்தகத்தைப் படிக்கலாம் என்பது விஷயம். உன்னைக் கேட்காமல் நான் எதைச் சொல்வது? அதனால் உனக்கே எழுதுகிறேன். வட்டத்துக்காரர்கள் ஒட்டுக்கேட்டுக்கொள்ளட்டும்.

மத்தியானம் நம் வீட்டுக் கூடத்தில் பெண்களெல்லாம் தறிக்கு வேண்டிய நூலை ராட்டையில் தார் சுற்ற உட்காருவோம். நீ புத்தகம் வாசிப்பாய், உன் பங்குப் பட்டு நூலை நாங்கள் சுற்றிவிடுவோம். நீ நோகாமல் பிழைக்கிறாய் என்று நான் முணுமுணுத்ததுண்டு. ஆனால் நீ ஒரு நாள் வாலாஜாபாத் போய்விட்டாலும் எங்களுக்கு வேலை ஓடாது.

புத்தகம் எடுக்கப் போனால், யார் துணி நெய்தார்கள் என்று ஒரு வரியாவது உள்ளே இருக்கிறதா என்று புரட்டுவாய். இல்லாவிட்டால் வேண்டாம். "இத்தினி ராஜா சண்டை போட்டுக்கினு இருந்தாங்களே, எல்லாரும் அம்மணமாவா நின்னாங்க?" என்று நூலகரையே கேட்டாயாமே. அவர் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார். வட்டத்துக்காரர்கள் இப்படிப் பார்த்து எடுத்தாலே பாதிப் புத்தகங்கள் கழிந்துவிடும்.

வாசிப்பதிலும் உனக்கொரு கிறுக்கு. புடவைக் கடைக்காரர் கடைசியில் இருக்கிற முந்தியைத்தானே முதலில் விரித்துக் காட்டுகிறார் என்று சொல்லி, கடைசி அத்தியாயத்தில் ஆரம்பிப்பாய். பிறகு அதற்கு முந்தினது, அதற்கும் முந்தினது. சரித்திரம் என்ன புடவையா என்று நான் எத்தனை சண்டை போட்டேன். நீ மசியவே இல்லை.

ஜனங்கள் ஒரு ராஜாவின் தலையை வெட்டியதை ஒரு நாள் வாசித்தாய். மறுநாள் அவனுக்குப் பட்டாபிஷேகம் நடந்தது. ஊரே கொண்டாடுகிறது, எங்களுக்கோ அவன் முடிவு தெரியும். எதிர்வீட்டு சரோஜா ராட்டையை நிறுத்திவிட்டு, "அவனாண்ட யாராவது சொல்லுங்கப்பா, வேணாம்னு" என்றாள். அன்றிலிருந்து நான் சண்டை போடவில்லை.

அந்தத் தடிப் புத்தகத்தில் முதல் அத்தியாயம் மட்டும் பாக்கி இருந்தபோது உனக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனவள் திரும்பவில்லை.

அதன் பிறகு கூடத்தில் ராட்டைச் சத்தம் மட்டும்தான். புத்தகம் மாடத்திலேயே கிடந்தது. நூலகரும் பாவம், தவணையை நீட்டிக்கொண்டே போனார். சரோஜா, வேறு ஏதாவது கதைப் புத்தகம் எடுக்கலாமே என்றாள். எனக்கு இதை முடிக்கவே மனசில்லை அண்ணி. அந்த ஒரு அத்தியாயத்தையும் வாசித்துவிட்டால் நீ விட்டுப்போனது தீர்ந்துவிடும். அப்புறம் எனக்கு என்ன இருக்கிறது?

அண்ணன்தான் தறியை விட்டு எழுந்து வந்து புத்தகத்தை என் மடியில் வைத்தான். "முடிவு வரைக்கும் கேட்டுட்டு, ஆரம்பம் தெரியாம எப்படிமா வுட்றது?" என்றான். அவன் அத்தனை நாளும் தறியிலிருந்தபடியே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான் என்பது உனக்குத் தெரியுமா?

போன வெள்ளிக்கிழமை வாசித்தேன். என் குரலைக் கேலி செய்து நீ சொன்னதெல்லாம் நினைவிருக்கிறது, இருந்தும் வாசித்தேன். முதல் அத்தியாயத்தில் ராஜா இல்லை, நாடு இல்லை, எழுத்துகூட இன்னும் வரவில்லை. குகையில் இருந்த மனுஷர்கள். அவர்கள் செத்தவர்களை அப்படியே போட்டுவிட்டுப் போகாமல், குழி தோண்டிப் படுக்க வைத்து, அவர்களுக்குப் பிடித்ததைப் பக்கத்தில் வைத்து அனுப்பினார்களாம். அந்த வரிக்கு மேல் என்னால் போக முடியவில்லை. சரோஜா என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

அண்ணன் மெதுவாகச் சொன்னான்: "அவகூட ஒரு புஸ்தகம் வெச்சி அனுப்பணும்னு நம்பள்ல ஒருத்தருக்கும் தோணலையே மரகதம்."

அது நூலகத்துப் புத்தகம் அண்ணா, கொடுத்திருக்க மாட்டார்கள் என்றேன். அழுதுகொண்டே சிரித்தோம்.

இப்போது யோசிக்கிறேன். உன்னோடு அனுப்பியிருந்தால் இந்த வீட்டில் யார் வாசிப்பார்கள்? புத்தகமெல்லாம் இங்கேயே இருக்கட்டும் கமலா. நீ கேள், போதும். உன் பங்கு நூலையும் நானே சுற்றுவேன், உனக்காக வாசிக்கவும் செய்வேன்.

உன் நாத்தனார்,
மரகதம்