எங்கே போகிறாய் என்று கேட்டவர்

நீ இருந்த வீட்டிலிருந்து வந்த பொதியை இன்று காலை மாமி பிரித்தார். உன் பருத்திச் சால்வையை எடுத்து முகர்ந்தேன். எனக்குத் தெரியாத ஏதோ ஒரு சவர்க்காரத்தின் மணம். மெக்சிகோவில் உனக்கு அறை வாடகைக்குத் தந்த அம்மா அதைத் துவைத்து மடித்து அனுப்பியிருக்கிறார். காய்ச்சல் உன்னைக் கொண்டுபோன பிறகும் உன் துணியில் அவருடைய வீட்டு மணம்தான். எனக்குப் பொறுக்கவில்லை, மச்சாள்.

நம் ஊர் பேசாலையில் வாசல் தாண்டுகிறவரிடம் "எங்கை போறாய்?" என்று நாம் கேட்பதில்லை. கடலுக்குப் போகிறவரைக் கேட்டால் போன காரியம் ஆகாது. யாராவது கேட்டுவிட்டால் திரும்பி வந்து அமர்ந்து, தண்ணீர் குடித்துவிட்டுத்தான் போக வேண்டும். ஆங்கிலம் படிப்பிக்க நீ அத்தனை தூரம் புறப்பட்ட அன்றும் மாமா, "கவனம், போட்டு வா" என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

அங்கே போன புதிதில் தொலைபேசியில் முறைப்பட்டாய்.

"வீட்டுக்கார அம்மா வாசலிலை மறிச்சுக் கேட்டுப்போட்டுத்தான் விடுறா. எங்கை, ஆரோடை, எப்ப வருவாய். றோட்டிலை நிண்டு டாக்சி மறிக்கக் கூடாதாம். பஸ்ஸிலை போனை வெளியிலை எடுக்கக் கூடாதாம்."

"உனக்குக் கோவம் வரேல்லையே?"

"முதல் வந்தது. இப்ப அவ கேக்காட்டி என்னவோ மாதிரிக் கிடக்கு."

"அப்ப அவவையே அம்மா எண்டு கூப்பிடன்."

"கூப்பிடுறனான்தானே!" என்று சிரித்தாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒருநாள் "வெளிக்கிடுறன்" என்று மட்டும் எழுதியிருந்தாய். பிறகுதான் உங்கள் பக்கத்து மலைப்பாதையில் பேருந்தை மறித்துக் கொள்ளையடித்த செய்தியைப் படித்தேன். நீ எடுக்கும்வரை அழைத்துக்கொண்டே இருந்தேன்.

"ஐயோ, நான் அந்தப் பக்கமே போகேல்லை. அவவுக்குச் சொல்லிப்போட்டுத்தானே போனனான்."

"அவவுக்குச் சொன்னனீ. எனக்கு?"

"நீ ஒருநாளும் கேக்கிறேல்லையே, மச்சாள். உனக்கு அக்கறையில்லை எண்டு நினைச்சன்."

பேசாலையில் பிறந்தவளுக்கு இதையும் விளக்க வேண்டுமா என்ற கோபத்தில் தொலைபேசியை வைத்துவிட்டேன். பிறகு சொல்லலாம் என்றிருந்தேன். அதற்குள் உனக்குக் காய்ச்சல் வந்துவிட்டது.

பொதி கிடைத்ததா என்று கேட்டு அந்த அம்மா குரல் பதிவு அனுப்பியிருந்தார். கைபேசி அதைத் தமிழாக்கித் தந்தது. சந்தையில் நீ கருவாடு தேடி அலைந்தது, மாணவிகளோடு ஏரிக்குப் போனது, மழைக்கு ஒதுங்கிய மாதா கோயிலில் முழுப் பூசையும் கண்டுவிட்டு வந்தது என்று எல்லாம் சொன்னார். நீ போன இடமெல்லாம் அவரிடம் இருக்கிறது. என்னிடம் இருப்பது மெக்சிகோ என்ற ஒற்றைச் சொல்.

மத்தியானம் உன் தம்பி மோட்டார் சைக்கிளை வெளியே உருட்டினான். "எங்கை போறாய்? ஆரோடை?" என்று கேட்டுவிட்டேன்.

"விசரி, வெளிக்கிடேக்கை கேக்கிறியே!" என்று மாமி பாய்ந்தார். அவன் முறைத்தபடி உள்ளே வந்து, கதிரையில் அமர்ந்து தண்ணீர் குடித்தான். மறுபடி படலையைத் திறந்தவன் என் பக்கம் திரும்பினான்.

"நானாட்டானுக்கு. தனியத்தான். பின்னேரம் வந்திடுவன்."

அவன் திரும்பி வரும்வரை நானாட்டான் வீதி முழுவதும் என் கண்ணுக்குள் இருந்தது. இந்தச் சுகத்தைத்தானே அந்த அம்மா நாள்தோறும் அனுபவித்திருக்கிறார். இனி எவர் ஏசினாலும் கேட்பேன், மச்சாள்.