கோபம் தீர்ந்த பின் செய்த கோழி

பாப்பா,

போன வாரம் தாலுகா ஆபீஸ் வாசலுக்குப் போயிருந்தேன். ரேஷன் கார்டிலிருந்து உன் பெயரை எடுக்க ஒரு மனு வேண்டும் என்றார்கள். அங்கே வேப்பமரத்தடியில் மேசை போட்டு ஒருவர் இன்னும் டைப்ரைட்டரில்தான் அடித்துக்கொண்டிருக்கிறார். "இறந்தவங்க உங்களுக்கு என்ன உறவும்மா?" என்று கேட்டார். "நாத்தனார்" என்றேன். அவர் பேப்பரைச் செருகி உருளையைத் திருகினார். புது ரிப்பன் போலிருக்கிறது. அந்த மை வாசனையும் மெஷினுக்கு விடும் எண்ணெய் வாசனையும் சேர்ந்து மூக்கில் ஏறியதும் என் விரல்கள் சில்லிட்டுப்போயின. ரிட்டையர் ஆகி இத்தனை காலம் கழித்தும், எண்பதை நெருங்குகிற இந்தக் கிழவிக்குப் பரீட்சைப் பயம். உன்னிடம் சொன்னால் சிரிப்பாய். சொல்ல நீ இல்லாததால் எழுதுகிறேன்.

நீ உன் புருஷன் ஊரான ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து தகரப் பெட்டியோடு வந்து இறங்கிய அன்று நான் வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். அறுபதுகளின் கடைசி அது. எனக்குக் கல்யாணமாகிக் கைக்குழந்தை இருந்தது. உன் கல்யாணத்துக்கு நான்தான் உனக்குத் தலை பின்னிவிட்டிருந்தேன். அந்தக் கல்யாண மாலையின் வாசனை மறப்பதற்குள் நீ திரும்பி வந்துவிட்ட மாதிரி எனக்கு இருந்தது. உன் அம்மா, "என்னாடி, சொல்லாம கொள்ளாம வந்திருக்க?" என்றார்கள்.

"அவரு இன்னொருத்திய வூட்டுக்குக் கூட்டியாந்துட்டாரும்மா. நான் எப்படி அங்க இருக்கறது?"

அவ்வளவுதான் சொன்னாய். அழுதது உன் அம்மாவும் நானும். நீ ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு, பெட்டியை உள்ளே வைத்துவிட்டு, முறத்தை எடுத்து அரிசி புடைக்க உட்கார்ந்தாய். பொழுது சாய்வதற்குள் என்னிடம் கேட்டுவிட்டாய். "அண்ணி, பீங்கான் பேட்டையில பொம்பளைங்கள வேலைக்கு எடுக்கறாங்களாமே, நெசமா?"

நிஜம்தான். ஊருக்கு வெளியே பீங்கான் பட்டறைகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்த காலம். பொம்மைகளின் ஓரம் சீவவும், கோப்பைக்குக் காது ஒட்டவும் பெண்களை எடுத்தார்கள். அடுத்த வாரமே நீ போக ஆரம்பித்தாய். "எதுக்கும்மா இவ்வளவு அவசரம்?" என்று உன் அண்ணன் கேட்டதற்கு, "அந்த ஆளு கண்ணு முன்னாடி நல்லா வாழ்ந்து காட்டணும்ண்ணே. அதுக்குத்தான்" என்றாய். அப்போது உன் முகத்தைப் பார்க்க எனக்குக் கொஞ்சம் பயமாகவும் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

என் கதை வேறு. மல்லாட்டை மண்டியில் கணக்குப்பிள்ளையாக இருந்த உன் அண்ணன், லாரியிலிருந்து கடலை மூட்டையோடு சரிந்து விழுந்ததில் அவர் வலது கை எலும்பு முறிந்தது. கட்டு பிரித்த பிறகும் அந்தக் கை பேனா பிடிக்கவில்லை. உன் பட்டறைக் கூலி மட்டும் வீட்டுக்குப் போதாது, இன்னொருவரும் சம்பாதிக்க வேண்டும். நான் பள்ளிக்கூடம் முடித்தவள் என்பதால் டைப் கற்றுக்கொண்டால் ஆபீஸ் வேலைக்குப் போகலாம் என்று அவர்தான் என்னைக் கடைவீதி மாடியிலிருந்த இன்ஸ்டிடியூட்டில் சேர்த்தார்.

கை சீக்கிரம் ஓடியது. மாஸ்டர் பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, "நீங்க பாஸ் பண்ணலன்னா வேற யாரும்மா பண்ணுவாங்க" என்பார். அந்த வார்த்தையே என் நெஞ்சில் கல்லாக உட்கார்ந்துகொள்ளும். கடலூரில் பரீட்சை. ஹாலில் மணி அடித்ததும் எல்லா மெஷினும் ஒரே நேரத்தில் இரைச்சலாகத் தொடங்கும். எனக்கு மட்டும் விரல்கள் விறைத்துவிடும். பக்கத்துப் பெண் இரண்டாம் பத்திக்குப் போவது கேட்கும். அவசரமாக அடிப்பேன், எழுத்துக் கம்பிகள் ஒன்றோடொன்று சிக்கிக்கொள்ளும். முதல் தடவை போயிற்று. அடுத்த தடவையும் அப்படியே. உன் அண்ணன் திட்டவில்லை. "இன்னொரு வாட்டி எழுதிப் பாரு. ஆவலன்னா வுட்டுடுவோம்" என்றார். அவர் தன்மையாகச் சொன்னதுதான் எனக்குத் தாங்கவில்லை. குழந்தைக்குப் பால் கொடுக்கும்போதுகூட, நான் பெயிலானால் இந்த வீடு என்ன ஆகும் என்ற ஒரே நினைப்பு.

ஒருநாள் கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டே என்னைக் கேட்டாய். "மாஸ்டர் எதிர்ல அடிக்கறப்ப வராத நடுக்கம் அங்க மட்டும் ஏன் வருது?"

"மணி அடிச்சதும் வருது."

"அப்ப மணிதான் பிரச்சன."

அதை நீ விளையாட்டாகச் சொன்னாய் என்று நினைத்தேன். மறுநாள் காலை நான் சட்டினி அரைத்துக்கொண்டிருந்தபோது என் காதருகே பூஜை மணியை அடித்தாய். அம்மிக் குழவி என் கையிலிருந்து நழுவியது. "அடிங்க அண்ணி, பரீட்ச ஆரம்பிச்சாச்சு" என்றாய். அன்றிலிருந்து நேரம் காலம் இல்லை. குழந்தையைக் குளிப்பாட்டும்போது, கோலம் போடும்போது, கீரை ஆயும்போது என்று நினைத்த நேரமெல்லாம் மணி. உடனே நான் இருக்கிற இடத்தில் உட்கார்ந்து, பலகையில் சாக்பீஸால் கட்டம் போட்ட எழுத்துகளின் மேல் விரலை ஓட்ட வேண்டும். உன் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "சாமிக்கு அடிக்கிறியா, இவளுக்கு அடிக்கிறியா?" என்றார்கள். "ரெண்டு பேரும் எழுந்திரிக்கணும் இல்லம்மா" என்றாய் நீ.

முதலில் ஒவ்வொரு தடவையும் நெஞ்சு திக்கென்றது. கொஞ்ச நாளில் எரிச்சல் வந்தது. பிறகு சிரிப்பு வந்தது. கடைசியில் ஒன்றுமே வரவில்லை.

மூன்றாம் தடவை பரீட்சைக்கு நீ லீவு போட்டுவிட்டு என்னோடு கடலூருக்கு வந்தாய். ரயிலில் உன்னிடம் சொன்னேன், மணிக்குப் பழகிவிட்டேனே தவிர பயம் அப்படியேதான் இருக்கிறது என்று. நீ ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே பதில் சொன்னாய். "பயம் எங்க போவும்? அது இருந்துட்டுப் போவுது. பக்கத்துல ஒரு எடம் குடுத்து ஒக்கார வச்சுட்டு நீங்க பாட்டுக்கு அடிங்க. அது வந்து ஒங்க விரலைப் புடிக்காது. நீங்கதான் அது கையப் போயிப் புடிச்சிக்கிறீங்க."

அன்று ஹாலில் மணி அடித்தபோது எனக்குச் சட்டினி வாசனைதான் நினைவுக்கு வந்தது. கை நடுங்கியது. நடுங்கிக்கொண்டே அடித்தேன். பக்கத்தில் யார் எந்தப் பத்தியில் இருந்தார்கள் என்று எனக்குத் தெரியாது.

ரிசல்ட் வந்ததும் வீட்டுக்குப் போகாமல் நேராக உன் பட்டறைக்கு வந்தேன். களிமண் கையோடு என்னைக் கட்டிக்கொண்டாய். என் முதுகில் உன் இரண்டு கையும் வெள்ளையாகப் பதிந்திருந்ததைக் கடைவீதி முழுக்கப் பார்த்திருக்கிறது. வீட்டுக்குப் போய்ப் புடவை மாற்றும்போதுதான் எனக்கே தெரிந்தது.

எனக்கு ஓர் ஆபீஸில் டைப்பிஸ்ட் வேலை கிடைத்தது. அதற்குள் எழுபதுகள் வந்துவிட்டன. பட்டறையில் உன் ஆசை ஓரம் சீவுவதோடு நிற்கவில்லை. புது உருவம் செய்து அதற்கு அச்சு எடுக்கும் மேசையில் ஆண்கள் மட்டும்தான் இருந்தார்கள். நீ அந்த மேசைக்குப் போக வேண்டும் என்று நின்றாய். முதலாளி நல்லவர், வேலை முடிந்த பிறகு முயன்று பார் என்று விட்டார். ஆனால் ஒன்றும் சரியாக வரவில்லை. அச்சுக்குள் களிமண் கரைசலை ஊற்றிவிட்டு, அச்சு ஈரத்தை உறிஞ்சி மண் இறுகும்வரை சும்மா காத்திருக்க வேண்டும். உன்னால் அது முடியவில்லை. முன்னாடியே திறப்பாய். மயிலுக்குக் கழுத்து சாயும், யானைக்கு வயிறு அமுங்கும். "கை இருக்குதும்மா உங்கிட்ட. பொறுமதான் இல்ல" என்று முதலாளி சொன்னதை நீயே வந்து என்னிடம் சொன்னாய். "எத்தினி நாளு அண்ணி பொறுமையா இருக்கறது? அங்க அந்த ஆளு நிம்மதியா சாப்புட்டுத் தூங்கறாரு" என்றாய்.

உன் கோபத்தை நான் குறை சொல்லவில்லை, பாப்பா. அது இல்லாவிட்டால் அன்று பஸ்ஸிலிருந்து இறங்கியதும் நீ மூலையில் படுத்திருப்பாய். அதுதான் உன்னை எழுப்பி நடத்திக்கொண்டு வந்தது. ஆனால் உட்கார வேண்டிய இடத்தில் அது உன்னை உட்கார விடவில்லை.

பிறகு ஒரு மத்தியானம் ஸ்ரீமுஷ்ணத்திலேயே குடியிருந்த உன் பெரியப்பா பஸ் ஏறி வந்தார். உன் புருஷன் மஞ்சள்காமாலையில் போய்விட்டார் என்று சொன்னார். நீ பட்டறையிலிருந்து வந்து அப்போதுதான் கை கழுவிக்கொண்டிருந்தாய். தொடர்ந்து கழுவிக்கொண்டே இருந்தாய். காரியத்துக்குப் போகவில்லை. அழவும் இல்லை. ஆனால் மறுநாள் வேலைக்கும் போகவில்லை, அதற்கடுத்த நாளும் போகவில்லை. தலை வாராமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாய். ஊரில் சிலர் அதைப் புருஷன் போன துக்கம் என்றார்கள். எனக்குத்தான் தெரியும். நான் பக்கத்தில் வந்து உட்கார்ந்தபோது என் தோளில் சாய்ந்து கேட்டாய். "இனிமே யாருக்கு அண்ணி காட்டறது? யாரு வந்து பாக்கப் போறாங்க?"

என்னை எழுப்ப நீ ஒரு வழி கண்டுபிடித்தாய். உன்னை எழுப்ப எனக்கு எதுவும் தோன்றவில்லை. சாதம் பிசைந்து வைத்தேன், தலைக்கு எண்ணெய் வைத்தேன். ஒருநாள் ஆபீஸிலிருந்து வந்த அலுப்பில், சமாதானத்துக்காக இல்லாமல், உண்மையாகவே கேட்டேன். "எங்க மேசைக்கு மேல ஃபேன் மாட்டிட்டாங்க பாப்பா. பேப்பரெல்லாம் பறக்குது. கனமா எதனா ஒண்ணு செஞ்சு குடேன்."

"ரோட்ல கல்லு கெடக்குது. எடுத்து வச்சிக்கங்க" என்றாய்.

சரி என்று விட்டுவிட்டேன். ஆனால் அந்த வாரமே நீ தலை வாரிக்கொண்டு பட்டறைக்குப் போனாய். எத்தனை நாள் ஆயிற்றோ, ஒரு சாயங்காலம் முந்தானையில் சுற்றி ஒன்றைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாய். அடைகாக்கும் கோழி. கழுத்தைத் திருப்பி, யாரோ முட்டையைத் திருட வந்ததுபோல் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தது. நம் எதிர்வீட்டுக்காரம்மாவின் முறைப்பு அப்படியே அதன் முகத்தில் இருந்தது. "உள்ள மணலு போட்டு அடைச்சிருக்கேன். ஒங்க ஆபீசர் ஊதினாக்கூட நவுராது" என்றாய்.

எனக்குச் சிரிப்பு அடங்கவே நேரமாயிற்று. பிறகு கேட்டேன். "மண்ணு இறுகற வரைக்கும் எப்படி இந்தத் தடவ பொறுமையா இருந்த?"

"அவசரமே வரல அண்ணி. யாரு வந்து பாக்கப் போறாங்க?"

சுவரைப் பார்த்துச் சொன்ன அதே வார்த்தைதான். இந்தத் தடவை சுமையை இறக்கி வைத்தவள் குரல் அதில் இருந்தது.

கோழியை என் மேசையில் பார்த்தவர்கள் எல்லாம் எங்கே வாங்கியது என்று கேட்டார்கள். பட்டறை முதலாளியே அதை இரவல் வாங்கிப்போய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்த அச்சிலிருந்து ஏராளமான கோழிகள் பிறந்தன. மங்கலம்பேட்டைக் கடைகளில் அவை வரிசையாக உட்கார்ந்து முறைத்ததை நாம் இருவரும் போய்ப் பார்த்தோம். அச்சு மேசையில் உனக்கு இடம் கிடைத்தது. அதன் பிறகு நீ கிளி செய்தாய், அணில் செய்தாய், தலையில் கூடை வைத்த பெண் செய்தாய். எதையும் அவசரமாக நீ திறந்து நான் பார்க்கவில்லை.

நம் இருவருக்கும் கெட்டிக்காரத்தனம் முதலிலிருந்தே இருந்தது என்று இப்போது நினைக்கிறேன். நான் என் பயத்தின் கையையும் நீ உன் கோபத்தின் கையையும் பிடித்துக்கொண்டிருந்தோம். அவரவர் பிடியை அவரவரே பார்க்க முடியவில்லை. பக்கத்தில் இன்னொருத்தி இருந்ததால் தெரிந்தது.

உன் கடைசி வருஷத்தில் ஒரு மத்தியானம் நாம் மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தோம். உன் அண்ணன் போய் நெடுநாள் ஆகியிருந்தது. வீட்டில் நாம் இரண்டு கிழவிகள் மட்டும். திடீரென்று கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாய்.

"அண்ணி, அந்த ஆளு மொகம் எப்படி இருக்கும்?"

"எந்த ஆளு?"

"அதான், என்னைக் கட்டுனவரு. ரொம்ப நேரமா யோசிக்கறேன். மூக்கு எப்படி, மீச இருந்துதா இல்லையா, ஒண்ணும் ஞாபகம் வரல."

எனக்கும் வரவில்லை என்றேன். நீ சிரித்தாய். முதலில் வாயை மூடிக்கொண்டு, பிறகு மடியிலிருந்த பருப்பெல்லாம் தரையில் சிந்தும்படி. யாருக்காக ஒரு காலத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு வேலைக்குப் போனாயோ அவர் முகமே உனக்கு இல்லாமல் போயிருந்தது. நீ செய்ததெல்லாம் அப்படியே இருந்தது.

இப்போதும் என் மனதுக்குள் பழைய மனிதர் யாராவது வந்து உட்கார்ந்து, இவருக்கு நான் யார் என்று காட்ட வேண்டும் என்று தோன்றும்போது, நீ அன்று சிரித்த சிரிப்பு கேட்கிறது. அதற்குப் பிறகு அவர்கள் அதிக நேரம் தங்குவதில்லை, பாப்பா. எழுந்து போய்விடுகிறார்கள். நான் என் வேலையைப் பார்க்கிறேன்.

உன் அண்ணி