நர்ஸ் வந்தால் எழுந்திருக்காதே

டுவேன்,

நாற்காலியிலேயே தூங்கிவிட்டாய். வேண்டுமென்றேதான் எழுப்பவில்லை. எழுப்பினால் சவரம் செய்ய வேண்டும், தூக்கிவிடு என்பாய். இன்று தாடியோடே இரு.

பத்து மணிக்குக் காப்பீட்டுக்காரர்களின் நர்ஸ் உன்னை மறுபடி பரிசோதிக்க வருகிறாள். கதவைப் பூட்டவில்லை. தட்டினால் உட்கார்ந்த இடத்திலிருந்தே குரல் கொடு. வாசல் பனியை நான் ஒதுக்கவில்லை, பார்த்து வரச் சொல்.

போன மாதம் டாக்டர் உள்ளே வந்ததும், கைகுலுக்க வேண்டுமென்று பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்து நின்றாய். "எப்படி இருக்கீங்க?" என்றதற்கு, "ஒரு குறையும் இல்ல டாக்டர்" என்றாய். அவர் அதை அப்படியே எழுதி அனுப்பினார். தானே எழுகிறவருக்கு, பொத்தானை அழுத்தினால் தூக்கிவிடும் நாற்காலி எதற்கென்று காப்பீட்டுக்காரர்களும் மறுத்துவிட்டார்கள். நேற்று அந்தக் கடிதத்தை மறுபடி எடுத்துப் பார்த்து நான் கத்தியது தப்புதான். கத்தாமல் என்ன செய்வது?

நர்ஸிடம் உள்ளதைச் சொல். நானாக எழ முடியாது, யாராவது எழுப்பி நிறுத்தினால் நடப்பேன் என்று சொல். நடக்கவே முடியாது என்று சொன்னாலும் நாற்காலி கிடைக்காது; எழுந்தபின் நடக்கிறவர்களுக்குத்தான் தருவார்களாம்.

காபி ஃபிளாஸ்கில், உன் கைக்கெட்டும் தூரத்தில்.

மார்லிஸ்

பி.கு. அன்று டாக்டர் என்னிடமும் கேட்டார்: "இவரைத் தூக்கிவிட உங்களால முடியுதா?" நானும் உன்னைப் போலத்தான். "அதுல என்ன சிரமம்?" என்றேன்.

இன்னொன்று. நான் வேலைக்குப் போகவில்லை, தோளைக் காட்டப் போகிறேன். நேற்று ராத்திரியிலிருந்து வலது கை மேலே வரவில்லை. நீ கேட்டிருந்தாலும் இன்று உன்னைத் தூக்கிவிட்டிருக்க முடியாது.