ஊஞ்சலில் மாட்டிய போல்ட்டு

ஜூன் 12
பெருநாள் லீவுக்கு சார்ஜாவிலிருந்து வந்த மச்சான், கட்டின பொண்டாட்டி என் முகத்தைவிட போல்ட்டு முகத்தைத்தான் அதிகம் பார்க்கிறார். மச்சானுக்கு அங்கே பழைய அமெரிக்கக் கார்களைப் புதுப்பிக்கும் வேலை. இங்கேயும் அது பின்னாலேயே வந்துவிட்டது. குற்றாலத்தில் ரிட்டயர்டு இன்ஸ்பெக்டர் மாரிராஜ் வீட்டு ஷெட்டில் 1967 மஸ்டாங் ஒன்று, என்ஜின் பிரித்தபடி வருசக்கணக்கில் கிடக்கிறதாம். அதை ஓட வச்சு கோவை பழைய கார் கண்காட்சிக்குக் கொண்டு போகணும். போல்ட்டு மாறியிருந்தால்கூட மார்க் குறையுமாம்.

இது நல்லா முடிஞ்சா தென்காசியிலேயே ஒர்க்‌ஷாப் போட்டுருவேன் என்றார். நம்பலாமா?

ஜூன் 15
நானும் கத்துக்கிட்டேன். போல்ட்டுத் தலையில் கம்பெனி எழுத்து இருந்தால் காரோடு பிறந்தது. மொட்டைத் தலை என்றால் இடையில் வந்து ஒட்டிக்கொண்டது.

ஜூன் 16
துருவை வினிகரில் ஊறவைத்து எடுக்கணும். தேய்ச்சா எழுத்து போயிரும். அப்புறம் பழைய கறுப்பு நிறம் வர மருந்தில் கொதிக்கணும். கொதிக்குது — என் பிரியாணிச் சட்டியில்!

ஜூன் 19
சிலிண்டர் ஹெட்டைப் பிடிக்கும் நீள போல்ட்டில் ரெண்டைக் காணோம். ஷெட்டைக் கவிழ்த்தும் கிடைக்கல. கடைசியில் இன்ஸ்பெக்டர் வீட்டு ஹாலில், விழுந்த கரண்டியை எடுக்கக் குனிஞ்சப்ப நான்தான் பார்த்தேன். அதே எழுத்து! ஊஞ்சல் பலகையைச் சங்கிலியோடு பிடிச்சுக்கிட்டு இருக்கு. என்றைக்கோ அவரே மாட்டினதாம். மேலே அவர் மனைவி சங்கரேஸ்வரி அக்கா ஆடிக்கிட்டு இருக்காங்க.

இன்ஸ்பெக்டர் என் காதோரம் சொன்னார்: "நீயே கேளும்மா. ரவுடின்னா நான் பேசிருவேன்."

ஜூன் 20
கேட்டேன். அக்கா ஆட்டத்தை நிறுத்தவே இல்லை. காருக்காகத் தோட்டத்தை அழிச்சு ஷெட் போட்டாச்சு, இப்ப ஊஞ்சலுமா என்றாங்க. அப்புறம் சொன்னாங்க: "வண்டி ஓடுன காலத்துல ஒருநாளும் சாவிய என் கையில தந்ததில்ல. மொதல்ல நான்தான் ஓட்டுவேன். சம்மதம்னா கழட்டச் சொல்லு."

இன்ஸ்பெக்டர் தலையாட்டினார். ஆட்டாமல் என்ன செய்ய?

ஜூன் 21
ரெண்டும் வளையல, மரையும் சரியா இருக்கு. அல்ஹம்துலில்லாஹ்.

ஜூலை 13
வண்டி கிளம்பிருச்சு! அக்கா சிவகிரியில் அவங்க அப்பா டிராக்டரை ஓட்டிப் பழகினவங்களாம், யாருக்குமே தெரியல. இலஞ்சி வரை போனோம். ஸ்டியரிங் இடப்பக்கம். வலப்பக்கம் உட்கார்ந்த இன்ஸ்பெக்டர் வழியெல்லாம் இல்லாத பிரேக்கை மிதிச்சுக்கிட்டே வந்தார். நான் பின்சீட்டில் முந்தானையை வாயில் வச்சு அடக்கினேன்.

ஆகஸ்ட் 3
கோவையில் இரண்டாம் பரிசுதான். ஆனால் நடுவர் டார்ச் அடிச்சு ஒவ்வொரு போல்ட்டாப் பார்த்துட்டு, இதைச் செஞ்சது யாருன்னு கேட்டாராம். கொச்சிக்காரர் ஒருத்தர் அவர் காரையும் அனுப்புறாராம்.

ஆகஸ்ட் 9
சார்ஜாவிலிருந்து மலையாளி முதலாளி போன். மச்சான் அடுக்களையிலேயே நின்னு மலையாளத்தில் பேசினார். எனக்கு விளங்கினது ஒண்ணே ஒண்ணு: "ஞான் வரில்ல." வரமாட்டாராம்!

போனை வச்சதும், மீன் வாங்கப் பை எங்கே என்று கேட்டார். எடுத்துக் கொடுக்க நேரமாச்சு. கண்ணு சரியாத் தெரியல.